ஹட்டியில் எத்தனை பேர்?

புவியியல் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன மலைக்கிராமத்தின் அமைப்பையும் மக்கள்தொகையையும் பற்றிக் கல்லூரிக்கு எழுதித் தர வேண்டும். கணக்கெடுப்பில் அந்த ஊர்ப் பெயருக்கு நேராக ஆயிரக்கணக்கில் ஆள் காட்டுகிறது. நேரில் போனால் நூறு வீடு இருந்தாலே அதிகம், அதிலும் பல வீடு பூட்டிக் கிடக்கிறது. எது சரி? எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது?"

தம்பி, இரண்டுமே சரிதான். நீங்கள் போய் நின்றது ஹட்டி, அதாவது படுகர்களின் மலைக்குடியிருப்பு. தாளில் இருப்பது பல ஹட்டிகள் அடங்கிய வருவாய்க் கிராமம். பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது, உங்களுக்கு மட்டும் இல்லை, இங்கே வேலைக்கு வருகிற அதிகாரிகளுக்கும் முதல் ஆறு மாதம் இதே குழப்பம்தான். நான் இந்தப் பக்கத்து ஹட்டி ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன், 2001-லும் 2011-லும் கணக்கெடுப்பு வேலைக்கும் போனேன், அதனால் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. உயரத்தில் தொடங்க வேண்டாம். கோத்தகிரி 1,793 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637 என்று எல்லோரும் முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். டவுனுக்கு அது போதும். ஹட்டிக்கு ஒற்றை எண் உதவாது, ஏனென்றால் ஊரே சரிவில் இருக்கிறது. மேலே சோலை ஓரத்திலிருந்து கீழே ஓடை வரைக்கும் இறங்க அரை மணி நேரம், திரும்பி ஏற முக்கால் மணி நேரம், அந்த இறக்கத்துக்குள்ளேயே குளிர் மாறும், ஈரம் மாறும், பயிர் மாறும். நீங்கள் வரைய வேண்டியது மேலிருந்து கீழே ஒரு வெட்டுப்படம்: உச்சியில் சோலையோ கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), அதற்குக் கீழே தேயிலை, நடுவில் வீடுகள், மறுபடியும் தேயிலை, அடியில் ஓடையை ஒட்டிக் காய்கறி நிலம். இந்த ஒரு படத்தைச் சரியாக வரைந்தால் பாதி வேலை முடிந்தது.

வீடுகள் ஏன் நடுவில் இருக்கின்றன என்பதை என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காலைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். கோத்தகிரிப் பக்கம் ஊட்டி அளவுக்கு உறைபனி விழாது. ஆனாலும் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வானம் தெளிவாக இருக்கிற இரவுகளில் பள்ளத்தில் விழும். காலையில் மணி அடிக்கும்போது வாசலில் நின்றால், கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து ஏறி வருகிற பிள்ளைகளின் செருப்பிலும் கால்சட்டை விளிம்பிலும் புல்லிலிருந்து ஒட்டிய வெள்ளைப்பொடி உருகிக்கொண்டிருக்கும், விரல் நுனி சிவந்திருக்கும். ஹட்டிப் பிள்ளைகள் அதே நேரத்தில் வருவார்கள், அவர்கள் கால் வெறும் பனி ஈரத்தோடு இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். நடுச்சரிவில் அது நிற்காது. உச்சிக்குப் போனால் காற்று ஆளைத் தள்ளும், மழைக்காலத்தில் ஓடு தங்காது. அடியில் பனியும் சேறும். அதனால் வெயில் முதலில் விழுகிற நடுச்சரிவாகப் பார்த்துத்தான் பழைய ஹட்டிகளைப் போட்டிருக்கிறார்கள். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் எத்தனை தலைமுறை பார்த்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது.

அடுத்தது தண்ணீர். ஹட்டிக்கு மேலே ஊற்று இருக்க வேண்டும், அதுவும் கோடையில் வற்றாத ஊற்று. நீலகிரியின் மேல்மட்டம் ஒரு காலத்தில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையும் அடியில் சதுப்பும் என்று இருந்தது. மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிவைத்து மாசி பங்குனி வரைக்கும் சொட்டுச் சொட்டாக விட்டது அதுதான். வெள்ளைக்காரர்கள் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடவும் என்று புல்வெளியில் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் (வாட்டில்) கொண்டுவந்து வைத்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. சதுப்புகளை வடித்துக் காய்கறி போட்டார்கள். இன்றைக்கு ஒரு ஹட்டியில் கோடையில் லாரித் தண்ணீர் வருகிறது என்றால், மழை குறைந்துவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். மேலே ஏறி, ஊற்றுக்குத் தலைமாட்டில் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கற்பூர மரமா, சீகையா, சோலையா, கட்டடமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மழையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாவட்டச் சராசரியை எடுத்து உங்கள் ஊருக்குப் போடாதீர்கள். மாவட்டம் மொத்தமே 2,500 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான், ஆனால் தொட்டபெட்டா முதுகு நடுவில் நின்றுகொண்டு மழையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மேற்கே குந்தா, அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரியும் குன்னூரின் கிழக்குச் சரிவும் அப்போது சாரலோடு சரி, எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, நாடே பேசியது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெய்த மழையில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கோத்தகிரிக்கும் அவலாஞ்சிக்கும் நேர்க்கோட்டில் 35 கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் ஒரு ஊருக்கு ஆபத்து ஆகஸ்ட்டில், இன்னொரு ஊருக்கு நவம்பரில். அந்த 2009 மழையின்போது எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் ரோட்டை ஒட்டி வெட்டிய இடத்தில்தான் மண் சரிந்தது. ரொம்பச் செங்குத்தான காட்டுச் சரிவு அப்படியே நின்றது. இங்கே பாறைக்கு மேல் ஆழமாகச் செம்மண் படிந்திருக்கிறது, தண்ணீர் குடித்துக் கனத்த மண்ணுக்குக் கீழே முட்டுக்கொடுத்த அடிப்பகுதியை வெட்டி எடுத்தால் அது எப்படி நிற்கும்? உங்கள் வெட்டுப்படத்தில் ரோட்டுக்காக வெட்டிய இடங்களையும் குறியுங்கள்.

சரி, வீடுகளுக்கு வருவோம். படுகர் ஹட்டியை ரோட்டை வைத்து வரைந்தால் தப்பாகிவிடும். ரோடு நேற்று வந்தது. ஹட்டியின் எலும்பு வீட்டு வரிசைதான். பக்கச் சுவர் ஒட்டிய வீடுகள் சரிவின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும், முன்னால் எல்லோருக்கும் பொதுவான நீள வாசல், அதற்குக் கீழே அடுத்த வரிசை. இந்த வரிசைத் தெருவைக் கேரி என்பார்கள். கோத்தகிரி என்ற பெயரே கோத்தர் என்ற பழங்குடியினரின் கேரியிலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள், மலையைக் குறிக்கிற கிரி என்று நினைத்துக்கொண்டு எழுதிவிடாதீர்கள். பழைய வரிசையில் அடுத்தடுத்த வீடுகள் பெரும்பாலும் அண்ணன் தம்பி வீடுகளாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடுகிற சுத்துக்கல், கோயில், கோயிலுக்கு முன்னால் திறந்த புல்தரை, தள்ளி சுடுகாடு, இவ்வளவையும் குறித்தால்தான் அது ஹட்டியின் வரைபடம். புதிதாகக் கட்டிய மாடி வீடுகள் வரிசையை விட்டு விலகி ரோட்டோரம் நிற்கும். எந்தப் பத்து வருஷத்தில் கையில் காசு வந்தது என்பதை அந்த வீடுகளின் சிமெண்டை வைத்தே ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஹட்டிக்காரர்கள் பொதுவாகத் தங்களுக்குள் சகோதர முறை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேறு ஹட்டியில்தான். இதை மக்கள்தொகைப் பகுதியில் கட்டாயம் எழுதுங்கள். ஏனென்றால் ஊரில் இருக்கிற மருமகள்கள் அத்தனை பேரும் வெளியூரில் பிறந்தவர்கள், ஊரில் பிறந்த பெண்கள் கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறார்கள். பிறந்த இடம் என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது ஒரு வரிசையில் ஆண்களுக்கெல்லாம் ஒரே ஊர், பெண்களுக்கு ஆளுக்கொரு ஊர் வரும். அதைப் பார்த்து இது இடம்பெயர்ந்த மக்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இப்போது எல்லைக் குழப்பம். கணக்கெடுப்பில் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள், எஸ்டேட் லைன்கள், கோத்தர் ஊரோ இருளர், குறும்பர் குடியிருப்போ எல்லாம் அடங்கும். கோத்தகிரி ஒன்றியத்தில் நெடுகுளா, ஜக்கனாரை, கெங்கரை, நடுஹட்டி என்றெல்லாம் ஊராட்சிகள் இருக்கின்றன. அந்தப் பெயரில் ஒரு ஹட்டியும் இருக்கும், அதே பெயரில் ஊராட்சியும் இருக்கும். மாவட்டம் முழுக்க ஊராட்சிகள் 35-தான். அவ்வளவு பெரிய மலையை 35 ஆகப் பிரித்தால் ஒன்றுக்குள் எத்தனை குக்கிராமம் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த ஆயிரக்கணக்கு இதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2011 கணக்குப்படி நீலகிரி மக்களில் நூற்றுக்கு 59 பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். ஊட்டியையும் குன்னூரையும் பார்த்துவிட்டு மீதி எல்லாம் தேயிலை என்று நினைப்பவர்களுக்கு இது நம்ப முடியாமல் இருக்கும். காரணம் பேரூராட்சிகள். கேத்தி, அதிகரட்டி, ஜெகதளா, உலிக்கல், பிக்கட்டி, கீழ்குந்தா, சோலூர், நடுவட்டம், தேவர்சோலை, ஓவேலி, கோத்தகிரி என்று அப்போது 11 பேரூராட்சிகள் இருந்தன. ஓவேலியில் யானை நடக்கிற பாதைக்குப் பக்கத்து வீடும், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் தோட்டத்து நடுவே இருக்கிற ஹட்டியும் தாளில் நகரம். அதனால் முதல் வேலையாக உங்கள் ஹட்டி ஊராட்சியில் இருக்கிறதா, பேரூராட்சியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிராமப்புற அட்டவணையில் தேடித் தேடிக் கிடைக்காமல் நொந்துபோவீர்கள். கோடநாட்டுக் காட்சிமுனையில் நின்றால் பாதாளத்தில் மாயாற்றங்கரையில் ஒரு ஊர் தெரியும், தெங்குமரஹடா. அது கோத்தகிரி தாலுகாதான். ஆனால் அங்கே போக பவானிசாகர் பக்கமாகச் சுற்றிக் காட்டுக்குள் போய் ஆற்றைத் தாண்ட வேண்டும், வெயிலும் நெல்லும் சமவெளி மாதிரி. மலைத் தாலுகாவின் ஊர் எல்லாம் மலையில் இருக்கும் என்று நினைத்துச் சராசரி போட்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மக்கள் யார் யார் என்பதில் நிறையப் பேர் ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்: படுகர்கள் வாழும் கிராமம். ஹட்டியை மட்டும் எடுத்தால் சரி. 2011 கணக்கில் படுக மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1.33 லட்சம் பேர், அந்த மொழியைக் கன்னடத்துக்குக் கீழே வைத்துத்தான் அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், மொழி அட்டவணையில் தனியாகத் தேடினால் கிடைக்காது. ஆனால் அதே சரிவில் ஹட்டிக்குக் கீழே இன்னொரு வரிசை வீடு இருக்கும், தகரக் கூரை, பத்துக்குப் பன்னிரண்டு அறை, முன்னால் ஒரு குழாய். அது லைன். நான் வளர்ந்தது அங்கேதான்.

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று ஆனது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து ரயிலும் பஸ்ஸுமாக இந்த மலைக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது எட்டு வயது. அரசு இதற்காகவே தேயிலைத் தோட்டம் தொடங்கியது, 1968-ல் ஆரம்பித்தது பின்னால் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. அங்கே வேலை கிடைக்காதவர்கள் தனியார் எஸ்டேட்டுக்கும் படுகர்களின் சின்னத் தோட்டங்களுக்கும் கொழுந்து பறிக்கப் போனார்கள். அரசுத் தாளில் தாயகம் திரும்பியோர், கடைத்தெருவில் சிலோன்காரங்க. என் அம்மா கடைசிவரை "நம்ம ஊர்" என்று சொன்னது கண்டிப் பக்கத்து மலையை. நீலகிரியின் கிராம மக்கள்தொகையை எழுதுகிற பலர் இந்த லைன்களை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் ஊர் எது என்று கேட்டால் எல்லோரும் ஹட்டியைக் காட்டுவார்கள், லைனில் இருப்பவர்களும் ஹட்டியைத்தான் காட்டுவார்கள். தயவுசெய்து கீழே இறங்கிப் போய் அந்த வரிசையையும் எண்ணுங்கள். இப்போது அந்த வீடுகள் சிலவற்றில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் குடும்பங்கள் இருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போன இடத்தில். பள்ளியில் என் கடைசி வருஷங்களில் முதல் வகுப்பில் இந்திக்காரக் குழந்தைகள் தமிழில் "டீச்சர், பென்சில்" என்று கேட்கக் கற்றுக்கொண்டதைப் பார்த்தபோது, மண்டபத்திலிருந்து வந்து இதே மாதிரி வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தேன்.

பழங்குடி மக்களைப் பற்றி எழுதும்போது ஒன்று. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தோடர் ஊருக்கு மந்து என்று பெயர், ஹட்டி என்று எழுதாதீர்கள். கோத்தர் ஊருக்குக் கோக்கால். கோத்தருக்கு மொத்தமே ஏழு ஊர்தான், அதனால் உங்கள் வருவாய்க் கிராமத்துக்குள் அதில் ஒன்று வந்தால் தனியாகவே ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இனி பூட்டிய வீடுகள். 2001-ல் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. பத்து வருஷத்தில் 26,747 பேர் குறைவு. தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் அந்தப் பத்து வருஷத்தில் ஆள் குறையவில்லை. நான் இரண்டு தடவையும் ஒரே சரிவில் நடந்தவள், அந்த எண் என் காலுக்குத் தெரியும். 2001-ல் ஒரு வரிசையை முடிக்க முழு நாள் ஆகும், வீட்டுக்கு வீடு காபி. 2011 பிப்ரவரியில் அதே வரிசையில் மதியத்துக்குள் கடைசி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வரிசையில் ஒரு ஹெத்தெ, படுக மொழியில் பாட்டி, வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளை முண்டு, தலையில் வெள்ளைத் துணி. அவருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். விரலை மடக்கி ஏழு என்றார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், அடுப்புப் பக்கத்தில் ஒரு பலகை. மகன்கள் இரண்டு பேர் கோயம்புத்தூரில், அவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள். "அவங்க இங்க இல்லையே ஹெத்தெ, இந்த மாசம் யார் இங்க தங்குறாங்களோ அவங்களைத்தான் எழுதணும்" என்றேன். "வீடு இங்கதானே இருக்கு? எழுதிக்கோ டீச்சர்" என்றார், கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வது போல. விதி என்னவென்றால், பிப்ரவரி 9 முதல் 28 வரைக்கும் அந்த வீட்டில் வழக்கமாக வசிப்பவர்களைத்தான் எடுக்க வேண்டும், முழுக்காலமும் வெளியில் இருந்தவர்களை அவர்கள் இருக்கிற இடத்தில் எடுப்பார்கள். நான் ஒன்று என்றுதான் எழுதினேன், விதிப்படி அதுதான் சரி. மீதி ஆறு பேரின் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏன் போனார்கள் என்று எழுதும்போது தேயிலையை விட்டுவிட்டு எழுத முடியாது. முன்பு இந்தச் சரிவுகளில் ராகி, சாமை, அப்புறம் உருளைக்கிழங்கு. சின்ன விவசாயிகள் பெருவாரியாகத் தேயிலைக்கு மாறியது பின்னால்தான். தேயிலை நிரந்தரப் பயிர், ஒருதரம் வைத்தால் வருஷா வருஷம் விதைக்க வேண்டாம், நல்ல விலை இருந்த காலத்தில் அதுதான் மாடி வீடுகளைக் கட்டியது, பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. ஆனால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தே ஆக வேண்டும், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து, உரம், மருந்து. 1990-களின் கடைசியில் பச்சைத்தேயிலை விலை விழுந்தது, அதிலிருந்து முழுசாக எழவே இல்லை. 2023 செப்டம்பரில் கட்டுப்படியாகும் விலை கேட்டு ஹட்டி ஹட்டியாக ஆட்கள் வந்து உண்ணாவிரதம் இருந்தார்களே, அது அந்தப் பழைய காயம்தான். பறிகூலிக்கே காணாதபோது தோட்டத்தை அப்படியே விடுகிறார்கள். தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் அது மரம், நடுவில் லேண்டனா ஏறிப் புதர் ஆகிவிடும். அந்தப் புதரில் கரடி வந்து தங்கும், காட்டெருமை பகலில் படுக்கும். கோத்தகிரிப் பக்கம் கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது அடிக்கடி செய்தியில் வருகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்ப முடியாது என்றால் இளம் தாய் என்ன செய்வாள்? டவுனில் வீடு பார்ப்பாள். இன்னொரு வீடு பூட்டு. அந்த வீட்டுத் தோட்டமும் புதர். விலை, புதர், கரடி, பூட்டு என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது. இதை நீங்கள் தனித்தனித் தலைப்பில் எழுதினால் பொருளாதாரம் ஒரு பக்கம், வனவிலங்கு ஒரு பக்கம் என்று பிரிந்துபோய்விடும். சேர்த்தே எழுதுங்கள்.

ஆனால் பூட்டைப் பார்த்து ஊர் செத்துவிட்டது என்று எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்கழி தை வாக்கில், படுகர்கள் கும்பிடுகிற ஹெத்தையம்மனின் பண்டிகைக்கு ஒரு தடவை வாருங்கள். பேரகணிக் கோயிலுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு சரிவு சரிவாக ஆட்கள் நடந்து போவார்கள், பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் முதல் நாளே வந்து பூட்டைத் திறந்திருப்பார்கள். வரிசையில் ஒரு வீடு விடாமல் வாசல் கழுவியிருக்கும், ஒரு வீட்டுக்குள் மூன்று தலைமுறை பாய் போட்டுப் படுத்திருக்கும். அன்றைக்கு ஹெத்தெ சொன்ன ஏழு பேரும் அந்த வீட்டில் இருப்பார்கள். ஊரில் யாராவது இறந்தாலும் அப்படித்தான், செய்தி போன சில மணி நேரத்தில் கார் கார் ஆக வந்து நிற்கும். வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் அட்டையிலும் பலர் இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும், நான் சேர்ந்தபோது வகுப்புக்கு ஒரு அறை இருந்தது, நான் ஓய்வு பெறும்போது ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்தது.

ஆகவே மக்கள்தொகை என்று ஒரே ஒரு எண்ணைப் போடாதீர்கள். வருவாய்க் கிராமத்தின் கணக்கெடுப்பு எண்ணைப் போட்டு, அதன் எல்லைக்குள் எந்தெந்த ஹட்டி, எந்தெந்த லைன் என்று எழுதுங்கள். ஹட்டியின் வீட்டு எண்ணிக்கையை நீங்களே நடந்து எண்ணி, திறந்தது பூட்டியது என்று பிரித்து, எண்ணிய தேதியோடு போடுங்கள். பூட்டிய வீடு கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலிலும் காலி என்றோ பூட்டியது என்றோ இடம்பிடிக்கும், அதனால் அது உங்கள் கற்பனை என்று பேராசிரியர் சொல்ல முடியாது. பண்டிகை நாள் கூட்டத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னது என்று குறிப்பிட்டே எழுதுங்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்ததுக்கு 2027 மார்ச் 1 என்று தேதி வைத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் நம் கையில் இருக்கிற முழுக் கணக்கு 2011-ஓடது. அவ்வளவு பழைய எண் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, பகலில் மட்டும் போய்விட்டு வந்துவிடாதீர்கள். பகலில் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், திறந்த வீடும் பூட்டிய வீடு மாதிரிதான் இருக்கும். மாலை ஏழு மணிக்கு எதிர்ச் சரிவில் இருக்கிற ரோட்டில் நின்றால் ஹட்டி முழுக்கத் தெரியும், எந்த வீட்டில் விளக்கு எரிகிறதோ அதை வரிசை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே லைனில் எரிகிற விளக்குகளையும் விடாமல். தனியாக நிற்க வேண்டாம், கரடி நடமாட்டம் உண்டு, ஊரில் யாரிடமாவது சொன்னால் துணைக்கு ஒரு பையனை அனுப்புவார்கள், டார்ச்சும் கொடுப்பார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போன உடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.